கருந்தேள் கொட்டிய கழுத்து

"அண்ணி, ஒரு சந்தேகம். பொய்ச் சண்டையில நிஜமா அடிபட்டா அது விபத்தா, இல்ல ஓவர் ஆக்டிங்கா?"

இந்த அரிய கேள்வியைக் கேட்டபோது சோடா, நடுவரின் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டைக்குள் தன் தொப்பையைத் திணிக்கப் போராடிக்கொண்டிருந்தான். சட்டை வேறு யாருக்கோ தைத்தது. அந்த வேறு யாரோ பட்டினி கிடந்து நடுவர் வேலை பார்த்தவர் போலிருக்கிறது.

"கேள்வியை அப்புறம் கேளு. முதல்ல வயித்தை உள்ள இழு" என்றாள் அண்ணி.

அண்ணி என்றால் சாட்சாத் அவனுடைய அண்ணன் பெண்டாட்டிதான். காணாமல் போன நகை, காணாமல் போன நாய்க்குட்டி, கல்யாணத்துக்கு முந்தின நாள் காணாமல் போன மாப்பிள்ளை என்று எதைக் கேட்டாலும் தேடிக் கொடுக்கும் துப்பறியும் நிபுணி. எந்த வேலையிலும் தாக்குப்பிடிக்காத கொழுந்தனை என்ன செய்வது என்று குடும்பமே கூடி யோசித்து, கடைசியில் உதவியாளன் என்ற பட்டத்தோடு அவள் தலையில் கட்டியிருந்தது. சோடாபுட்டிக் கண்ணாடியால் வந்தது அவன் பெயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்ப்பதில்லை.

இன்றைய கேஸ், கருந்தேள்.

தேள் என்றதும் பதற வேண்டாம். ஐம்பதைத் தாண்டிய, மூட்டுவலித் தைலம் மணக்கிற மனிதர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் பூப்பந்து அரங்கத்தை வாடகைக்கு எடுத்து, தாங்களே மேடை பூட்டி, தாங்களே டிக்கெட் கிழித்து, தாங்களே அடித்துக்கொள்ளும் ஒரு சின்ன மல்யுத்தக் குழுவின் நிரந்தர வில்லன். முகத்தில் கறுப்புச் சாயம் பூசி வந்து, நல்லவர்களை முதுகில் குத்தி, நடுவர் அசந்த நேரம் பார்த்துக் கண்ணை நோண்டி, முடிவில் பெரும்பாலும் தோற்றுப்போவார். இருபது வருஷத்துக்கு மேலாக ஜனங்களின் வசவைத் தின்றே வளர்ந்த உடம்பு அது.

அப்பேர்ப்பட்டவர் ஜெயிக்க வேண்டும் என்று அபூர்வமாக ஒரு நாள் முடிவுசெய்தார்கள். இரண்டு வாரத்துக்கு முந்திய அந்த ஆட்டத்தில், குழுவின் செல்லப்பிள்ளையான மின்னல் மைந்தனைத் தோளுக்கு மேல் தூக்கிப் போட்டார். போடப்பட்ட மைந்தன் எழுந்திருக்கவில்லை. ஸ்ட்ரெச்சர் வந்தது, ரசிகைகள் அழுதார்கள், ஆட்டம் பாதியில் நின்றது. இப்போது மைந்தனின் கழுத்தில் ஒரு பட்டை, ஊர் வாயில் கருந்தேள்.

ஊர் திட்டினால் அவருக்கு அது சம்பளம் மாதிரி. ஆனால் சக மல்லர்கள் முணுமுணுத்தார்களே, அதுதான் கொட்டியது. இந்தத் தொழிலில் ஒருவன் தன் உடம்பை முழுசாக எதிராளியின் கையில் ஒப்படைக்கிறான். தலைகீழாகத் தூக்குகிறவன் பத்திரமாக இறக்கி வைப்பான் என்று நம்பித்தான் ஒப்படைக்கிறான். அந்த நம்பிக்கை போய்விட்டால் வில்லன் தனியாக மேடையில் நின்று காற்றோடுதான் சண்டை போட வேண்டும். வழக்கமான நடுவர்கூட "அந்தாளு ஆட்டத்துக்கு இனிமே நான் வரமாட்டேன்" என்று ஒதுங்கிவிட, அமைப்பாளர் இன்றோடு தேளுக்கு விடைகொடுப்பதாக அறிவித்துவிட்டார். நடுவரின் அந்தக் காலி இடத்தில்தான் அண்ணி தன் கொழுந்தனைச் செருகியிருந்தாள்.

கேஸைக் கொண்டுவந்தது தேளின் மனைவி. "அவர் கையால ஒருத்தருக்கு ஒரு கீறல் விழுந்ததில்லம்மா. இப்ப சாப்பிட உக்காந்தாக்கூடக் கையையே பாத்துட்டு இருக்காரு. வயசாயிடுச்சோ, நழுவிடுச்சோன்னு அவருக்கே சந்தேகம் வந்துடுச்சு. தப்பு அவர் மேலயா இல்லையா, அது ஒண்ணு தெரிஞ்சா போதும்" என்று சொல்லி அழுதிருந்தாள்.

"வா, முதல்ல கழுத்தைப் பாப்போம்" என்றாள் அண்ணி.

கழுத்து இருந்தது, அந்தக் கட்டடத்திலேயே மின்விசிறி ஓடுகிற ஒரே அறையில். பட்டை பூராவும் ரசிகர்களின் கையெழுத்து. இடம் போதாமல் யாரோ ஒருத்தி தாடைக்குக் கீழே இதயம் வரைந்திருந்தாள்.

"ரொம்ப வலிக்குதா, தம்பி?"

"வலியெல்லாம் எனக்குப் பழகிடுச்சுங்க" என்றான் மைந்தன், அறை மூலையில் இல்லாத கேமராவைப் பார்த்து.

பட்டையைச் சரிசெய்வதுபோல் அண்ணி கையை நீட்டினாள். "ஆ!" என்று துடித்துப் பின்னால் சாய்ந்தான்.

"அவங்க இன்னும் தொடவே இல்லீங்களே" என்றான் சோடா.

"தொட்டா வலிக்குமேன்னு..."

"ஓ, முன்பதிவா? சரிங்க."

அண்ணி கொழுந்தனை முறைத்தாள். ஆனால் அந்த "ஆ"வைக் கேட்டதிலிருந்து அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்திருந்ததை அவன் கவனிக்கத் தவறவில்லை. "டாக்டர் என்ன சொன்னாரு?" என்று கேட்டாள்.

"எலும்புல ஒண்ணும் இல்லையாம். உள்ள சதைல இருக்கலாமாம். ஓய்வெடுக்கச் சொன்னாரு."

"தேள் மேல கோவமா?"

மைந்தனின் குரல் சட்டென்று இறங்கியது. "அவரு நல்ல மனுஷன்தாங்க. வயசாயிடுச்சு, அவ்வளவுதான்." முகத்தைத் திருப்பிக்கொண்டான். கழுத்து திரும்பக்கூடாது என்பதால் இடுப்பிலிருந்து மொத்தமாகத் திரும்பினான். அதையும் அழகாகத்தான் செய்தான், படுபாவி.

"இன்னைக்கு ஆட்டத்துல நீங்க கீழ முதல் வரிசைல உக்காந்து, தேள் வந்ததும் எழுந்து நின்னு முறைச்சீங்கன்னா கூட்டம் சந்தோஷப்படும்னு அமைப்பாளர்..." என்று அண்ணி ஆரம்பித்தாள்.

"எத்தனை மணிக்கு வரணும்?" என்றான் மைந்தன், வாக்கியம் முடிவதற்குள்.

வெளியே வந்ததும் அண்ணி கைபேசியை நீட்டினாள். அன்றைய ஆட்டத்தை யாரோ ரசிகன் படம்பிடித்தது. "ஸ்ட்ரெச்சர் வாசலைத் தாண்டுற இடத்தைப் பாரு."

சோடா கண்ணாடியைத் திரைமேல் ஒட்டினான். நாலு பேர் மைந்தனைத் தூக்கிப் போகிறார்கள். தலை தொங்குகிறது, வாய் பிளந்திருக்கிறது, ஒரு கை ஓரத்தில் துவண்டு ஆடுகிறது. குறுகிய வாசல் வந்ததும் அந்தத் துவண்ட கை ஒழுங்காக மடங்கி வயிற்றின் மேல் போய் உட்கார்ந்தது. வாசலைத் தாண்டியதும் மறுபடி துவண்டது.

"அடப்பாவி! மயங்கினவனுக்குக் கதவு இடிக்கும்னு எப்படித் தெரிஞ்சுது?"

"கேட்டா, பாதி நினைவு இருந்துச்சும்பான். கைக்கும் கழுத்துக்கும் என்ன சம்பந்தம்பான். இதை வச்சுக்கிட்டு மத்த மல்லர்களை நம்பவைக்க முடியாது." அண்ணி நடந்துகொண்டே பேசினாள். "அந்தக் கழுத்தே வந்து சாட்சி சொல்லணும்."

"சம்மன் அனுப்பிடலாமா?"

"வேஷம் போட்டாச்சுல்ல, இன்னைக்கு மட்டுமாவது நடுவர் மாதிரி பேசாம இரு."

கருந்தேளுக்கு ஒதுக்கியிருந்தது வலைகளும் உடைந்த பந்து மட்டைகளும் போட்டுவைக்கும் சாமான் அறை. அவர் பெஞ்சில் உட்கார்ந்திருக்க, மனைவி அவர் மணிக்கட்டுக்குப் பட்டை சுற்றிக்கொண்டிருந்தாள். இவர்களைக் கண்டதும் எழுந்து நின்றார். முகத்தில் பாதிக்கு மட்டும் சாயம் பூசியிருந்தது.

"உக்காருங்கம்மா. என் மேல தப்பு இருந்தா மழுப்ப வேணாம், சொல்லிடுங்க. இன்னைக்கு பீரங்கிகூட ஆட்டம். பாவம், நல்ல பையன், வரேன்னான். ஆனா தூக்கிப் போடறது மட்டும் வேணாம்ணேன்னுட்டான்." கையை விரித்துப் பார்த்தார். "நியாயந்தானே?"

அவர் மனைவி பட்டையை இன்னும் ஒரு சுற்று இறுக்கினாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்" என்றாள் அண்ணி. "நீங்க குத்து விடும்போது சத்தம் எங்கேருந்து வருது?"

"காலுலேருந்துங்க. கை முகத்துக்கு முன்னால போகும்போதே காலால தரையை ஓங்கித் தட்டுவோம். கூட்டத்துக்கு அது அடி விழுந்த சத்தம். எதிராளிக்கு அது, விழுடான்னு சொல்ற சத்தம்."

"தட்டாம கையை ஓங்க முடியுமா?"

முயன்றார். கை போனது, கால் 'தட்' என்றது. மெதுவாக ஓங்கினார். 'தட்'. வெட்கத்தோடு சிரித்தார். "வரலைங்க. பழக்கதோஷம்."

"வீட்ல கொசு அடிச்சாக்கூட இப்படித்தான்" என்றாள் மனைவி. "கீழ் வீட்டுக்காரங்க தினம் சண்டைக்கு வராங்க."

அண்ணிக்கு வந்த சிரிப்பைப் பார்த்தால் கேஸ் முடிந்த மாதிரி இருந்தது. "இன்னைக்கு எதையும் குறைக்காதீங்க. முழு வில்லனா ஆடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, அமைப்பாளரிடம் இரண்டு வேலை சொல்லக் கிளம்பினாள். மைந்தனின் இருக்கைக்குப் பக்கத்து நடைபாதையில் தடிமனான மெத்தை ஒன்று விரிக்க வேண்டும். குழுவின் மல்லர்கள் எல்லாரும் திரைக்குப் பின்னாலிருந்து ஆட்டத்தைப் பார்க்க வேண்டும். எதற்கு என்று கேட்ட சோடாவுக்கு, "உன் கண்ணுக்கே தெரியும், கவலைப்படாதே" என்று பதில் கிடைத்தது. அவன் கண்ணைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இது பதிலே இல்லை.

ஆட்டம் தொடங்கியது. கருந்தேள் நடந்து வந்த அழகைச் சொல்ல வேண்டும். முதல் வரிசைச் சிறுமி பிடித்திருந்த 'மின்னல் வாழ்க' அட்டையைப் பிடுங்கி நாலாகக் கிழித்தார். தப்பித் தவறிக் கைதட்டிய ஒரு கிழவரை அவர் கையை மடக்கிக்கொள்ளும்வரை முறைத்தார். அரங்கமே எழுந்து நின்று ஊளையிட்டது. எல்லாரையும்விட உரக்கத் திட்டியவள் முதல் வரிசையில் நின்ற ஓர் அம்மாள்.

"கட்டையில போறவனே! உனக்கெல்லாம் வீட்ல எவடா சோறு போடுறா?"

அவள்தான் போடுகிறாள். இருபது வருஷமாக ஆட்டத்துக்கு ஆட்டம் கூட்டத்தைச் சூடேற்றுவது அவர் மனைவியின் பங்கு. இன்றைக்குத் திட்டும்போது கண்ணில் தண்ணீர் நின்றது மட்டும் புதுசு.

"டேய் நடுவர், முதல்ல கண்ணாடியை மாத்துடா!" என்று ஒரு குரல் வந்தது. சோடா பெருந்தன்மையோடு மன்னித்தான்.

மேடைக்குள் நடந்த சம்பாஷணை வேறு மாதிரி இருந்தது.

"வலது கை வருது தம்பி, தயாரா?"

"தயார்ணே" என்றது மலைபோல் நின்ற பீரங்கி.

'தட்!' பீரங்கி சுருண்டு விழுந்தான்.

"முட்டி எங்கயும் படலையே?"

"இல்லண்ணே."

இவ்வளவு மரியாதையாக ஒருத்தரை ஒருத்தர் அடித்து சோடா பார்த்ததில்லை. அவனுடைய சொந்த அண்ணன் சின்ன வயதில் அடித்ததெல்லாம் முன்னறிவிப்பே இல்லாமல்தான்.

"நடுவர் தம்பி, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கங்க. கண்ணை நோண்டப் போறேன்."

"இந்தப் பக்கம் பாத்தாலும் எனக்குத் தெரியாதுங்க, நீங்க நோண்டுங்க."

ஆட்டத்தின் வேகத்தில் தேளின் கை பழக்கத்தில் பீரங்கியின் தொடைக்குக் கீழே போய்விட்டது. பீரங்கியின் உடம்பு விறைத்தது. "அண்ணே, வேணாம்ணே" என்றான். சூடான பாத்திரத்தைத் தொட்டவர்போல் அவர் கையை எடுத்துக்கொண்டார். சாயம் பூசிய அந்த முகத்தைப் பக்கத்தில் பார்த்த சோடாவுக்கு, வழக்கமாக நாக்கு நுனியில் நிற்கும் கிண்டல் ஒன்றுகூட வரவில்லை.

அப்போதுதான் கூட்டம் "மின்னல்! மின்னல்!" என்று கத்த ஆரம்பித்தது. மைந்தன் சொல்லிவைத்தபடி எழுந்து, பட்டையைத் தடவிக்கொண்டு, நடைபாதைக்கு வந்து முறைத்தான். தேள் கயிற்றுக்குள் நுழைந்து கீழே குதித்தார். நடுவர் என்பதால் சோடாவும் பின்னாலேயே ஓடினான்.

இரண்டு பேரும் நேருக்கு நேர். நடுவில் நன்றாக ஒரு முழத்துக்கு மேலே இடைவெளி. தேள் மிரட்டுவதற்காகக் கையைத்தான் ஓங்கினார். ஆனால் கால் சும்மா இருக்குமா?

'தட்!'

மின்னல் மைந்தன் விழுந்தான்.

அதை விழுந்தான் என்று ஒரு சொல்லில் முடிப்பது பாவம். தாடை மார்புக்குள் மடங்கியது, முதுகு வளைந்தது, இரண்டு கையும் பக்கவாட்டில் விரிந்து மெத்தையை அறைந்தன, கால் இரண்டும் ஆகாயத்துக்குப் போய்த் திரும்பின. தலை மட்டும் தரையைத் தொடவே இல்லை. தலையைத் தரையில் படாமல் தூக்கிப் பிடிப்பது முழுக்க முழுக்கக் கழுத்தின் வேலை. கையெழுத்துப் போட்ட பட்டை பிய்த்துக்கொண்டு நாற்காலிகளுக்கு அடியில் உருண்டு போனது.

"அய்யோ, அடிபட்ட பிள்ளையை அடிச்சுட்டான்!" என்று அரங்கம் அலறியது. அவர்கள் இருந்த கோணத்துக்கு இடைவெளி தெரியவில்லை. திரை ஓரத்தில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மல்லர்களுக்கு எல்லாம் தெரிந்தது. கை எவ்வளவு தூரத்தில் நின்றது, அப்படி விழ எப்படிப்பட்ட கழுத்து வேண்டும், இரண்டும் அவர்களுக்கு அத்துப்படி. வரிசையாக நின்ற தலைகளில் ஒன்றுகூட அசையவில்லை.

தொடுவதற்கு முன்னாலேயே துடிக்கிறவன், அடிப்பதற்கு முன்னாலேயே விழுவான். அண்ணியின் கணக்கு அவ்வளவுதான்.

தேள் பாய்ந்து மைந்தனின் குரல்வளையைப் பிடித்தார். சோடா முட்டிபோட்டுக் குனிந்தான். இன்றைக்குக் கொலை விழப்போகிறது, தான் சாட்சிக்கூண்டில் ஏறி, கண்ணாடிக் கடைக்காரரின் சான்றிதழ் வாங்கிவர வேண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

"கழுத்து நல்லா இருக்கா?" என்றார் தேள், பல்லைக் கடித்தபடி.

"அண்ணே..."

"இருக்கா இல்லையா, சொல்லுடா!"

"நல்லா இருக்குண்ணே."

"அப்பாடா" என்றார். அவர் தோள் இரண்டும் தளர்ந்து இறங்கின.

மைந்தன் முகத்தைப் பொத்திக்கொண்டு முனகினான். "அன்னைக்கு என் வருங்கால மாமனார் முதல் வரிசைல உக்காந்திருந்தாருண்ணே. அவர் முன்னாடி மல்லாக்கப் படுத்துத் தோக்க எனக்கு மனசு வரல. எழுந்திருக்காம படுத்தா ஆட்டம் நின்னுடும்னு... அப்புறம் எப்படி வெளிய வரதுன்னே தெரியலண்ணே."

"தூக்கும்போது காதுல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா. நானே தோத்திருப்பேனே! நான் என்ன, தோக்காதவனா?"

மைந்தன் அழ ஆரம்பித்தான். இரண்டு வாரத்தில் அவனுக்கு வந்த முதல் நிஜ வலி அதுவாகத்தான் இருக்கும்.

"போதும். கழுத்தைப் பிடிச்சுக்கிட்டுக் கத்து" என்றார் தேள். "கூட்டம் பாக்குதுடா. நீ பொய்யன்னு தெரிஞ்சா நாளைக்கு உனக்கு எவன் டிக்கெட் வாங்குவான்? கத்து!"

மைந்தன் கத்தினான். அரங்கம் கதறியது. தண்ணீர்ப் பாட்டில்கள் பறந்து வந்தன. சோடா ஆத்திரத்தோடு ஓரத்தில் நின்ற அண்ணியிடம் ஓடினான்.

"அண்ணி, கஷ்டப்பட்டு மாட்டவச்சோம். இந்த மனுஷன் அவனையே காப்பாத்துறாரு! கூட்டத்துக்கு உண்மை தெரிய வேணாமா?"

"கூட்டமா அவர்கிட்ட உடம்பைக் கொடுக்குது?" என்றாள் அண்ணி. "போ, போய் உன் வேலையைப் பாரு."

தேள் மேடை ஏறினார். இனி மிச்சம் சின்ன வேலைதான். பீரங்கி அவரை நாலு சாத்துச் சாத்துவான், அவர் படுப்பார், சோடா மூன்று எண்ணுவான், இருபது வருஷம் முடிந்துவிடும். பீரங்கி ஓடி வந்து அவரைக் கழுத்தோடு கட்டிக்கொண்டான்.

"அண்ணே."

"இறுக்கிப் பிடி, பரவால்ல. சொல்லு."

"என்னைத் தூக்குங்கண்ணே."

தேள் அசையாமல் நின்றார். "என்னப்பா சொல்ற?"

"தோளுக்கு மேல தூக்கிப் போடுங்க. யார் ஜெயிக்கணும்கிறதெல்லாம் கிடக்கட்டும். மேலேருந்து எல்லாத்தையும் பாத்தேன். இத்தனை நாள் நம்பாம இருந்தோம், மன்னிச்சுடுங்க. தூக்குங்கண்ணே."

அவர் தன் கையை ஒரு தரம் பார்த்தார். பிறகு அந்த மலையைத் தூக்கினார். கால் நடுங்கியது, கழுத்து நரம்பு புடைத்தது, கை நடுங்கவில்லை. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்க, பீரங்கி ஒரு கணம் விளக்குகளுக்கு நடுவில் நின்றான். பிறகு வீடே இடிந்து விழுந்த மாதிரி ஒரு சத்தம். தேளின் உள்ளங்கை பீரங்கியின் பிடரிக்குக் கீழே இருந்ததை, பக்கத்தில் நின்ற சோடா ஒருத்தன்தான் பார்த்தான்.

"உயிரோட இருக்கீங்களா?" என்று குனிந்து கேட்டான்.

"நல்லாத் தூக்கம் வருது" என்றான் பீரங்கி, உதடு அசையாமல். "சீக்கிரம் எண்ணுய்யா."

சோடா மூன்று எண்ணினான். கருந்தேள் ஜெயித்துவிட்டார். கூட்டம் அவருடைய ஏழு தலைமுறையையும் தோண்டி எடுத்தது. அதே நேரம் திரை விலகி, நல்லவர் கட்சி மல்லன் ஒருவன் உறுமிக்கொண்டு ஓடி வந்தான். பழிவாங்க வருகிறான் என்று ஜனங்கள் ஆர்ப்பரித்தார்கள். வந்தவன் தேளின் மேல் பாய்ந்து, காதருகில், "அண்ணே, அடுத்து நான்" என்றான். தூக்கிப் போட்டார். அவன் உருண்டு போவதற்குள் இன்னொருவன் வந்தான். "என்னையும்ணே." அவனுக்குப் பின்னால் இன்னொருவன்.

முகச்சாயம் கண்ணீரில் கரைந்து கன்னமெல்லாம் வழிந்தது. கூட்டம் அதை வியர்வை என்று நினைத்து இன்னும் பலமாகத் திட்டியது. நாலாவது ஆளை இறக்கி வைத்துவிட்டு, தேள் கயிற்றில் சாய்ந்து மூச்சு வாங்கினார்.

"நடுவர் தம்பி... இன்னும் எத்தனை பேர்ப்பா?"

சோடா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தான்.

"வரிசை வாசல் வரைக்கும் நிக்குதுண்ணே."